கல்லம்மா பேரில் ஒரு எண்

பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத்தில், பத்திரிகைப் பகுதிக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறையில் அக்கா உட்கார்ந்திருப்பாள். நூலகத்தில் எல்லாருக்கும் அவள் நம்பர் அக்கா. ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி முடித்த கட்டுரை, ஆய்வேடு, அளந்து சேர்த்த தரவு என்று எதுவானாலும் அவளிடம்தான் வரும். அவள் அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றி, அதற்கு ஒரு நிரந்தர எண் வாங்கிக் கொடுப்பாள். இணையத்தில் முகவரிகள் மாறும், பக்கங்கள் காணாமல் போகும். எண் மட்டும் மாறாது. யார் எந்த ஊரில் உட்கார்ந்து அந்த எண்ணைத் தட்டினாலும் அது நேராக அந்த ஆய்விடம் கொண்டுபோய் நிறுத்தும், செய்தவர் பெயரோடு. வரைவாக இருக்கிறவரை அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். வெளியிட்ட பிறகு அழிக்க முடியாது. வருகிறவர்களிடம் அக்கா, "பேரை நல்லாப் பாத்து எழுதுங்க, பெத்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி" என்பாள்.

அவளுடைய தம்பி அதே பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் விரிவுரையாளன். தம்பியின் மனைவி அந்தத் துறை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கான்கிரீட்டைக் கட்டி கட்டியாக வார்ப்பாள், உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊறப்போடுவாள், மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்து, இயந்திரத்தில் வைத்து நொறுக்குவாள். எந்தக் கலவை எவ்வளவு சுமையில் உடைந்தது என்று குறித்துக்கொள்வாள். கடலோரத்தில் பாலம் கட்டுகிறவர்களுக்குத் தேவைப்படும் கணக்கு அது. சிமெண்ட் தின்ற விரல்களும், எந்நேரமும் சாம்பல் படிந்த புருவமுமாக அலைந்தவளுக்குக் கூடத்தில் கல்லம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்கே பிடித்துப்போய்விட்டது.

வீடு இரண்டு தளம். மேலே தம்பியும் கல்லம்மாவும். கீழே அம்மாவும், கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவனை விபத்தில் பறிகொடுத்துத் திரும்பி வந்த அக்காவும்.

மேலேயிருந்து சத்தம் வரும். முதலில் நாற்காலி இழுபடும். பிறகு ஓர் அறை விழும். அதற்கப்புறம் குளியலறைக் குழாய் திறந்து ரொம்ப நேரம் ஓடும். இந்த வரிசை மாறியதில்லை. நாற்காலி இழுபட்டதுமே அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அம்மாவும் அடிபட்டவள்தான். அப்பா உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் பெல்ட் ஆணியில் தொங்கியதைவிட அவர் கையில் தொங்கிய நேரம் அதிகம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி சொல்லிக்கொண்டே அடிப்பார். சிறுமியாக இருந்த அக்கா, தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் நின்ற இடத்தில் போய் நின்றுகொள்வாள். அவனுக்கு விழவேண்டியதும் அவள் முதுகிலேயே விழும். அந்தத் தம்பிதான் மேலே இப்படிச் செய்கிறான் என்பதை அவள் மனம் முதலில் ஏற்கவில்லை. ஏற்ற பிறகும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் தம்பி அவளுடைய அறைக்கு வந்தான். பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வரப்போகிறது, சொந்தமாக ஆய்வுத் தரவு வெளியிட்டிருந்தால் முன்னுரிமை, சீக்கிரம் ஒரு நம்பர் வேண்டும் என்றான். அவன் கொடுத்த கோப்பைத் திறந்தாள். கட்டிகள், கலவைகள், உடைந்த சுமைகள். செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"இது அவ செஞ்சதுதானே?" என்றாள் அக்கா.

"செஞ்சது அவ, செய்ய வெச்சது நான். கொத்தனார் பேரையா கட்டடத்து மேல எழுதறாங்க?"

அப்படியானால் அவளிடமிருந்து சம்மதக் கடிதம் வேண்டும், அது விதி என்று அக்கா சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். தம்பியின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. மேஜைக்கு அடியில் அவன் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. எலும்போடு எலும்பு உரசுவது அவளுக்குத் தெரிந்தது.

"நீ நம்பர் போடறவ. போட்டுட்டுப் போயேன்" என்றான் மெதுவாக.

அவள் இடது கையால் தட்டி வரைவு ஒன்றை உண்டாக்கினாள். நூலகத் தலைவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வெளியிட முடியும், நாளை ஆகும் என்றாள். அவன் கையை விட்டுவிட்டு, "தேங்க்ஸ் அக்கா" என்று வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் மாடிப்படியில் கல்லம்மா எதிரே வந்தாள். உன் தரவை வெளியிடப்போகிறானே, உனக்குத் தெரிந்துதானா என்று அக்கா கேட்டாள். கல்லம்மாவின் முகம் வெளிறிப்போனது. விறுவிறுவென்று திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். சமையலறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான், தான் கேட்ட கேள்வி மேலே என்ன செய்யப்போகிறது என்பது அக்காவுக்கு உறைத்தது.

அன்றைக்கு நாற்காலி இழுபடவில்லை. எடுத்த எடுப்பிலேயே அலறல் கேட்டது. அம்மா ரிமோட்டை எடுத்தாள். அக்கா அதை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கித் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே தம்பி ஒரு கையால் கல்லம்மாவின் கழுத்தைப் பிடித்து அவளை இரும்பு பீரோவோடு சேர்த்து அழுத்தியிருந்தான். அவளுடைய வலது கை பீரோக் கதவின் இடுக்கில் இருந்தது. கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டிருந்தான். "இந்தக் கைதானே? இந்தக் கைதானே வார்த்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பதில் வேண்டிக் கேட்பவன் போலவே இருந்தது அவன் குரல்.

அக்கா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையால் ஒரு இடி இடித்தான். மூச்சு அடைத்து அவள் கட்டில் காலில் போய் விழுந்தாள். அவன் திரும்பவும் முழங்காலைத் தூக்கி, இந்த முறை முழுப் பலத்தோடு கதவை அடித்துச் சாத்தினான். இயந்திரத்தில் கட்டி உடைவதற்கு முன்னால் உள்ளே மளுக்கென்று ஒரு சின்ன ஒலி கேட்குமே, அதே சத்தம்தான் கேட்டது என்று கல்லம்மா பின்னால் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கத்தவில்லை. மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். அக்கம்பக்கத்தில் கேட்கும், மெதுவாகப் பேசுங்கள் என்றாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டான். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்கா கல்லம்மாவின் கையைத் துண்டால் சுற்றி, வாடகைக் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு விரல் எலும்பு நொறுங்கியிருந்தது. எப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்டபோது, ஆய்வுக்கூடத்தில் கல் விழுந்துவிட்டது என்று கல்லம்மா சொன்னாள். டாக்டரம்மா அவளுடைய முகவாயை நிமிர்த்திப் பார்த்தாள். கழுத்தில் கட்டை விரலின் தடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"கழுத்துலயும் கல்லுதான் விழுந்துச்சா?"

கல்லம்மா சுவரைப் பார்த்தாள். அக்காதான் பதில் சொன்னாள். "கல்லு இல்லைங்க. என் தம்பி."

இத்தனை நாள் வாய்க்குள் கிடந்த இரண்டு சொல். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்றாள்.

மாவுக்கட்டு காய்வதற்காக நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லம்மா குனிந்து கட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணி, அது என் பேர்ல வருமா?"

"வரும். நான் இன்னும் வெளியிடலை."

"வந்தா உங்களையும் அடிப்பாரு."

"அடி வாங்கறதுல உன்னைவிட எனக்கு சர்வீஸ் அதிகம்" என்றாள் அக்கா. கல்லம்மாவுக்கு உதடு கோணிச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையாக மாறிவிட்டது. அன்றைக்கு இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கல்லம்மாவின் தோழி ஒருத்தி வீட்டில் தங்கினார்கள்.

காலையில் அக்கா முதலில் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அழுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிறவரை எல்லாரும் மெஷின்காரர் என்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள், என் தம்பி எவ்வளவு செய்தான் என்று அவரிடம் கேட்டாள். அவர் சங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார். துறையில் கேட்டு இடமும் தொட்டியும் வாங்கிக் கொடுத்தது சார்தான், படம் எடுக்கிறபோது வந்து நிற்பதும் உண்டு, மற்றதெல்லாம் அந்தப் பெண்ணுடைய உழைப்பு, லீவு நாளில்கூட வந்து தண்ணீர் மாற்றும் என்றார். யார் கேட்டாலும் இதைச் சொல்வீர்களா என்றாள். சொல்வேன் என்றார்.

நூலகத் தலைவர் பயந்த சுபாவம். இடது கையால் கிறுக்கலாகக் கையெழுத்திட்ட கல்லம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, குடும்பச் சண்டையை அலுவலகத்துக்குள் இழுக்கலாமா என்றார். இது குடும்பச் சண்டை இல்லை, யார் செய்தது என்ற கேள்வி, அதற்குத்தானே எனக்குச் சம்பளம் என்றாள் அக்கா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தம்பியின் பெயரில் இருந்த வரைவை அக்கா தூக்கி எறிந்தாள். புதிதாக ஒன்று போட்டு, செய்தவர் என்ற இடத்தில் கல்லம்மாவின் முழுப்பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினாள். உதவியவர்கள் என்ற இடத்தில் மெஷின்காரர் பெயர். தம்பியின் பெயரையும் விடவில்லை. இடமும் தொட்டியும் பெற்றுத் தந்தவர் என்று போட்டாள். இல்லாததைச் சேர்ப்பது எப்படித் தப்போ, இருப்பதைக் குறைப்பதும் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். எண் வந்தது. பெயர் உள்ளவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் தானாகவே போகும். அது தெரிந்துதான் அழுத்தினாள். நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தம்பி வந்துவிட்டான். கதவைச் சாத்தினான். அதை அழித்துவிடு என்றான். அழிக்க முடியாது என்றாள். அப்படியானால் பெயரை மாற்று, உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும் என்றான்.

"முடியும். மாத்தமாட்டேன்" என்றாள் அக்கா.

முதல் அறையிலேயே அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. கூந்தலைக் கையில் சுற்றி அவளை நாற்காலியிலிருந்து இழுத்தான். மேஜை விளிம்பில் முகம் மோதியது. ஒரு பல் நாக்கில் உருண்டது. அவள் தலையைக் கணினித் திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, கடவுச்சொல்லைப் போடு என்றான். அவள் போடவில்லை. விசைப்பலகையைப் பிடுங்கி அதனாலேயே அவள் முதுகில் அடித்தான். அது உடைந்து எழுத்துக்கட்டைகள் அறை முழுக்கச் சிதறின. திரையைத் தூக்கித் தரையில் போட்டான். வயிற்றில் உதைத்தான். உதைக்கும் ஒவ்வொரு முறையும் "போடு" என்றான். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே கூடினார்கள். சிலர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். நூலகத் தலைவர் காவலாளியைக் கூப்பிட வெளியே ஓடினார்.

அந்த நேரத்தில்தான் கல்லம்மா வந்தாள். மின்னஞ்சலைப் பார்த்தவுடன் என்ன நடக்கும் என்று ஊகித்து, மெஷின்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக் கதவைத் திறந்தது அவள்தான். தம்பி அவளைப் பார்த்ததும் அக்காவை விட்டுவிட்டான். இரண்டு எட்டில் போய் மாவுக்கட்டு போட்ட கையைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் வளைத்தான். கல்லம்மா போட்ட அலறலில் வெளியே நின்றவர்களே பின்னால் நகர்ந்தார்கள். மெஷின்காரர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவன் தலையாலேயே அவர் மூக்கில் மோதித் தள்ளிவிட்டான்.

அக்கா தரையில் கிடந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில், புத்தகங்கள் சாயாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற இரும்புத் தகடு கைக்கு எட்டியது. உருவிக்கொண்டு எழுந்தாள். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. திரும்பினான். இரண்டாவது காதில். கையைத் தூக்கி மறைத்தான். மூன்றாவது முழங்கையில் விழ, கை தொங்கிப்போனது. அவன் முழங்கால் மடிந்து கீழே விழுந்தான். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. விழுந்து கிடந்தவனின் முதுகில், இடுப்பில், மறுபடி தோளில் என்று மாறி மாறி இறக்கினாள். அவன் "அக்கா, அக்கா" என்று சுருண்டான். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் சுருள்வானே, அப்படியே. யாரோ பழமொழி சொல்கிற குரல் அவளுக்குக் கேட்டது. அடி உதவுற மாதிரி, அடி உதவுற மாதிரி என்று மூச்சிரைக்கச் சொன்னது தன் வாய்தான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

கல்லம்மா இடது கையால் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டாள்.

"போதும் அண்ணி. செத்துடுவாரு. போதும்."

தகடு கீழே விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாம் காவல் நிலையமும் மருத்துவமனையும் விசாரணையுமாகப் போயிற்று. தம்பிக்கு ஒரு காது கேட்காமல் போனது. முழங்கை நேராகவில்லை. அக்காவுக்கு முன்பல் இரண்டு போயின, ஒரு விலா எலும்பு முறிந்தது. தம்பி மேல் வழக்கு, அக்கா மேலும் வழக்கு. பல்கலைக்கழகம் இருவரையும் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது. அம்மா தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, ஜாமீனில் வந்த மகனோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். பெற்ற மகளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லம்மா கீழ்த்தளத்துக்கு வந்து அக்காவோடு இருந்தாள். மேல்தளத்தைப் பூட்டினார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. பெயர் கெட்டது போதும், இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுச் சமாதானமாகப் போகலாம் என்பது குழுவில் பெரியவர்களின் யோசனை. அக்கா இல்லாததால் மாற்றும் அதிகாரம் இப்போது நூலகத் தலைவரிடம் இருந்தது. செய்தவர் சம்மதிக்காமல் நான் தொடமாட்டேன் என்று அவர் நடுங்கிய குரலில் சொல்லிவிட்டார். கல்லம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் கட்டு அவிழ்த்த வலது கையை மேஜை மேல் வைத்தாள். இரண்டு விரல்கள் கொக்கிபோல வளைந்து நின்றன.

"இதை அவர் நிமித்திக் குடுக்கட்டும். பேரைச் சேத்துக்கறேன்" என்றாள்.

மெஷின்காரர் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பதிவு அப்படியே நின்றது.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற நடைக்கூடத்தில் ஒரே ஒரு பெஞ்ச்தான் காலியாக இருந்தது. ஒரு முனையில் தம்பி, மறுமுனையில் அக்கா, நடுவில் அம்மா. கல்லம்மா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். வெக்கையாக இருந்தது. தம்பி நெற்றி வியர்வையைத் துடைக்க நல்ல கையைத் தூக்கினான். அக்கா சட்டென்று தலையைக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் கை உயர்ந்ததைப் பார்த்து அவனும் அதே கணத்தில் ஒதுங்கிச் சுருங்கினான். இரண்டு பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். இவர்கள் இருவரும் சிறுவயதில் ஒரே ஆளுக்குப் பயந்து ஒடுங்கியதைப் பார்த்தவள் அவள். இப்போது ஒருவருக்கொருவர் பயந்து ஒடுங்கினார்கள்.

தம்பிக்குச் சிறைத்தண்டனை. விழுந்து கிடந்தவனை அடித்தது தற்காப்பு ஆகாது என்று அக்காவுக்கு நீதிபதியின் கண்டிப்பும் நன்னடத்தைப் பத்திரமும். அவள் அதை மறுத்துப் பேசவில்லை. காவலர்கள் தம்பியைப் பின்பக்க வாசலால் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பிப் பார்த்தது அம்மாவையா, அக்காவையா, கல்லம்மாவையா என்று தெரியவில்லை.

அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்றாள். நெடுநாளுக்குப் பிறகு அம்மா வாய் திறந்தாள்.

"நீ அடிச்சப்ப உங்க அப்பா மாதிரியே இருந்துச்சு. செல்லுல எடுத்ததைக் காட்டினாங்க."

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

"எனக்கு யார் மாதிரியும் இருக்கத் தெரியலை. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்று அம்மா சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, இனி நான் எங்கே போவது என்று கேட்டாள்.

அக்கா கல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வீடு யாருடையதாக இருந்தாலும் அதைச் சொல்லவேண்டியவள் கல்லம்மாதான் என்று அவளுக்குத் தோன்றியது. கல்லம்மா இடது கையால் வலது கையின் வளைந்த இரண்டு விரல்களையும் நீவிக்கொண்டிருந்தாள்.

"கீழ்வீட்டுலயே இருக்கட்டும் அண்ணி" என்றாள் கடைசியில். "சோறு போடறேன். மருந்து வாங்கித் தரேன். பேசமாட்டேன். அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

சொல்லிவிட்டு, வண்டி பிடிக்க முன்னால் நடந்தாள்.